ஏரோப்ளேன் நிழல்ல பதினோரு கழுதைங்க

ஒரு ஊர்ல ஒரு ஏரோப்ளேன் மைதானம் இருந்துச்சு. காலை ஆட்டாம படு, சொல்றேன். மைதானம்னதும் பெருசா ஒண்ணும் நெனச்சுக்காத. வெறும் பொட்டக்காடு. நடுவுல நீளமா ஒரு தார் ரோடு, ஓரத்துல ஒரு தகரக் கொட்டாய், அவ்வளவுதான். மரம்னு பேருக்குக்கூட ஒண்ணு கெடையாது. வெயில்னா அப்படி ஒரு வெயில்! செருப்பு தார்ல ஒட்டிக்கிட்டு, நடந்தா சப்பக் சப்பக்னு சத்தம் வரும். அங்க வாரத்துக்கு ஒரே ஒரு குட்டி ஏரோப்ளேன் வரும். ஆறு பேரு ஏறலாம். ம் சொல்லு.

"ம்."

அந்த ஊர்ல பொன்னுருவின்னு ஒருத்தி இருந்தா. அவ தங்கச்சி பவளக்கொடி, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவுல இருந்தா. கொழந்தை பொறந்து பத்து நாளு. புருஷன் கப்பல் வேலைக்குப் போயிட்டான். கொழந்தையானா பகலும் ராத்திரியும் வீல்வீல்னு கத்துது. பவளக்கொடி போன் போட்டு, "அக்கா, நாலு நாளாக் கண்ணு மூடல. நின்னுக்கிட்டே சாயுறேன். எப்படியாவது வந்துரு அக்கா"ன்னு அழுதுட்டா.

பொன்னுருவிக்கு மனசு கேக்குமா? பிள்ளை பெத்தவளுக்கு உளுந்தங்களி கிண்டணும்னு ஏழு கிலோ கருப்பட்டி எடுத்துக்கிட்டா. அப்புறம் ஒரு டப்பா முறுக்கு, மூணு சேலை. எல்லாத்தையும் பையில திணிச்சு, சப்பக் சப்பக்னு கொட்டாய்க்கு வந்து சேந்தா.

அங்க ஜன்னலுக்குப் பின்னாடி நீலத் தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தர். பேரு இசக்கியப்பன். டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்தாரு. ரெண்டடி தள்ளி மூட்டை நிறுக்கிற மெஷின். அங்க நிக்கிறது யாரு? அதே இசக்கியப்பன்! இப்போ செவப்புத் தொப்பி.

"டிக்கெட் எடுத்தாச்சாம்மா?"

"நீங்கதானண்ணே இப்போ குடுத்தீங்க?"

"அது டிக்கெட் ஆபீசர். நான் எடை ஆபீசர். அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. பையோட மெஷின்ல ஏறுங்க."

ஏறினா. டங்! எண்பத்தேழு.

"ஆளும் பையும் சேந்து எண்பதுதாம்மா. ஏழு கிலோ அதிகம். வெயில் ஏற ஏற காத்து மெலிஞ்சு போயிடும். மெலிஞ்ச காத்தால கனத்தத் தூக்க முடியாது. கருப்பட்டிய எறக்கி வச்சிட்டுப் போங்க."

"பிள்ளை பெத்தவளுக்குண்ணே அது! எறக்க மாட்டேன்."

அப்புறம் என்ன பண்ணா தெரியுமா? கொட்டாய்க்குப் பின்னாடி போனா. பையில இருந்த மூணு சேலையையும் கட்டியிருந்த சேலைக்கு மேலயே சுத்திக்கிட்டா. சுருட்டி வச்ச மெத்தை மாதிரி உருண்டு வந்தா. பை லேசாயிருச்சுல்ல? ஏறினா. டங்! எண்பத்தேழு.

அப்போ முறுக்கு டப்பாவத் தொறந்தா. கறுக் முறுக், கறுக் முறுக். ஒண்ணு விடாமத் தின்னா. ஏவ்வ்னு ஒரு ஏப்பம். காலி டப்பாவப் பையில போட்டுக்கிட்டு ஏறினா. டங்! எண்பத்தேழு.

"ஐயோ, முறுக்குதான் தீந்து போச்சே!"

"எங்க போச்சு?"

"வயித்துக்குள்ள."

"வயிறு எங்க இருக்கு?"

பொன்னுருவி குனிஞ்சு பாத்தா. வயிறு மெஷின் மேலதான் இருந்துச்சு.

கடைசியா, மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல நின்னா.

"ஒத்தக் கால்ல நின்னா பாதிதான வரும்?"

அப்படித்தான் கண்ணு, உன்ன மாதிரியே அவளும் நெனச்சா. மூஞ்சி தக்காளியாச் செவந்து போச்சு. முள்ளு டிக் டிக் டிக்னு ஆடி, டங்! எண்பத்தேழு.

அந்த நேரம் பாத்து வெளிய ஒரு சத்தம். ஹீ...ஹா! ஹீ...ஹா!

ஓடிப் பாத்தா, ஏரோப்ளேன் றெக்கைக்குக் கீழ பதினோரு கழுதைங்க! அந்த மைதானத்துலயே நிழல்னு இருந்தது அந்த றெக்கை நிழல் ஒண்ணுதான். சும்மா ஜம்முன்னு நிக்குதுங்க. பைலட் ரஷீதா ஜன்னல்ல தலைய நீட்டி, "கழுதை நிக்கும்போது காத்தாடிய எப்படிச் சுத்த விடுவேன்? வெயில் ஏறுது. இன்னும் பத்து நிமிஷத்துல கெளம்பலேன்னா இன்னைக்கு இது எந்திரிக்காது. அடுத்த வாரம்தான்!"னு கத்துனாங்க.

இசக்கியப்பன் பச்சைத் தொப்பிய மாட்டிக்கிட்டு, "நான் மைதான ஆபீசர்!"னு பீ பீன்னு விசில் ஊதுனாரு. ஒரு கழுதை மெல்லத் திரும்பி, தொப்பியக் கவ்வி, மொச்சு மொச்சுன்னு மென்னுருச்சு.

அப்புறம் ஏற வந்த எல்லாரும் சேந்து, "ஏலேலோ"ன்னு ஏரோப்ளேனையே பத்தடி தள்ளுனாங்க. நிழல் பத்தடி நகந்துச்சு. கழுதைங்களும் பத்தடி நகந்துச்சுங்க.

"ஹி ஹி..."

சிரிக்காத. பொன்னுருவி அழுகிற மாதிரி நின்னா. அடுத்த வாரம் வரைக்கும் தங்கச்சி தூங்காம என்ன ஆவா? பையப் பாத்தா. கழுதையப் பாத்தா. வானத்தப் பாத்தா. சட்டுனு ஒரு கருப்பட்டிய எடுத்துத் தார்ல அடிச்சு ஒடச்சா. டக்! வாசனை கெளம்புச்சு. இருபத்திரெண்டு காதும் விறைப்பா நின்னுச்சு.

பாரு, ஓடுறா பொன்னுருவி! நாலு சேலையோட, தொபுக் தொபுக்னு. ஓடிக்கிட்டே சில்லுச் சில்லாப் போடுறா. பின்னாடியே டக்கு டக்கு டக்குன்னு பதினோரு கழுதை. வேலி ஓரமா மிச்சக் கருப்பட்டிய அப்படியே கொட்டிட்டு, வேர்வை வழிய வழியத் திரும்பி வந்தா. ஏணியில காலை வைக்கப் போனா, செவப்புத் தொப்பி குறுக்க வந்துச்சு.

"நில்லுங்கம்மா! எடை!"

டங்! எண்பது.

"போங்க தாயி, ஓடுங்க!"

பர்ர்ர்ர்ர்... ரோடு முடியுற எடத்துல, தத்தித் தத்தி, ஒருவழியா மேல எந்திரிச்சுருச்சு. வழியெல்லாம் பொன்னுருவி, "பிள்ளை பெத்தவளப் பாக்க வெறுங்கையோட போறேனே"ன்னு மூக்க உறிஞ்சிக்கிட்டே போனா.

அங்க போயிக் கதவத் தட்டுனா. பவளக்கொடி தொறந்தா. தலை காக்காக் கூடு மாதிரி இருக்கு. கொழந்தை வீல்வீல்னு கத்துது. அவ பையவும் பாக்கல, ஒண்ணையும் கேக்கல. "வந்துட்டியா அக்கா"ன்னா. கொழந்தைய அக்கா கையில வச்சா. பாய விரிக்கக்கூட இல்ல, அப்படியே தரையில சாஞ்சா. கொர்ர்ர்.

கொழந்தை கத்துறத நிறுத்திட்டு, புது ஆளா இருக்கேன்னு பொன்னுருவிய உத்துப் பாத்துச்சு. அப்புறம் வாய இம்புட்டுப் பெருசாத் தொறந்துச்சு. அவ்வளவுதான், ஊரக் கூட்டப் போகுதுன்னு பொன்னுருவி கண்ண இறுக்கி மூடிக்கிட்டா. சத்தத்தக் காணோம். ஒத்தக் கண்ணத் தொறந்து பாத்தா, ஆ...வ்னு கொட்டாவி விடுது.

தங்கச்சி பக்கத்துலயே கொழந்தையப் போட்டு, தட்டிக் குடுத்துக்கிட்டே அவளும் சாஞ்சா. கொர்ர்ர். கதை இம்புட்டுத்தான் கண்ணு. போர்வைய இழுத்துக்க, தூங்கு.