ராஜாவின் நெஞ்செரிச்சலும் அங்கம்மாவின் பந்தயமும்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, தேன்கரை என்கிற நாட்டை அதிரூபசிங்க ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். காலையில் ஒருத்தருக்குக் கிராமத்தை எழுதி வைப்பார், மாலையில் அதே ஆளைச் சிறையில் வைப்பார். சாப்பாட்டிலும் அப்படித்தான். பதினாறு வடையும் கிண்ணம் கிண்ணமாக நெய்யும் இல்லாமல் மதியச் சாப்பாடு இறங்காது. இலையை விட்டு எழுந்ததும், இறுக்கிக் கட்டிய தங்கக் கச்சையைக்கூடத் தளர்த்தாமல், மெத்தையில் மல்லாந்துவிடுவார்.

கொஞ்ச நாளாக ராஜாவுக்கு நெஞ்சு எரிந்தது. படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் ஏறி வந்தது.

அரண்மனை அதிகாரி வீரகேசரிக்கு இது நல்ல சமயமாகப் போயிற்று. தன் மச்சானைத் தலைமைச் சமையல்காரனாக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த வேலையில் இருந்த அங்கம்மாவை ராஜா சபையில் புகழும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, சொல்லவே நா கூசுகிறது. அங்கம்மா உங்கள் சாப்பாட்டில் விஷம் வைக்கிறாள்" என்றார்.

"அப்படியா? நாளைக்கே அவளை யானைக் காலில் போடுங்கள்!"

மாவுக் கையோடு அங்கம்மாவை இழுத்து வந்தார்கள். அவள் ராஜாவை ஒரு பார்வை பார்த்தாள். கச்சைக்கு மேலே பிதுங்கும் வயிறு, நெஞ்சைத் தடவும் கை, இரண்டு பேச்சுக்கு ஒரு ஏப்பம். விஷயம் புரிந்துவிட்டது. ஆனால், 'நீங்கள் சாப்பிடும் லட்சணம்தான் காரணம்' என்று ராஜாவிடம் சொல்ல முடியுமா?

"மகாராஜா, ஏழு நாள் கொடுங்கள். ஒரே பானையில் சமைக்கிறேன். நீங்களும் அதிகாரி ஐயாவும் இடம் மாறிக்கொள்ளுங்கள். அவர் ராஜாவாகச் சாப்பிட்டு, ராஜாவாகக் கச்சை கட்டி, ராஜாவாகப் படுக்கட்டும். நீங்கள் அவர் வேலையைப் பாருங்கள். இரண்டு பேருக்கும் நெஞ்சு எரிந்தால் என் சமையலில் விஷம் இருக்கிறது. யானையைக் கூப்பிடுங்கள்."

ராஜாவுக்கு விளையாட்டென்றால் கொள்ளை ஆசை. "பலே! இன்றைக்கே தொடங்கு" என்றார். பஞ்சு மெத்தையை நினைத்து வீரகேசரியின் வாயெல்லாம் பல்.

வீரகேசரி பதினாறு வடையையும் தின்று முடிக்கும்வரை ராஜா கைகட்டி நின்றார். பிறகு அதிகாரிக்கு உரிய அளவுச் சோறும் இரண்டு வடையும் அவருக்குக் கிடைத்தன. கைகழுவியதும் கோட்டை மதிலைச் சுற்றி நிதானமாக ஒரு நடை. விளக்கு வைக்குமுன் ராச்சாப்பாடு. அதற்குப் பிறகு வாசல் வாசலாகப் போய்ப் பூட்டைச் சரிபார்க்க வேண்டும். அதெல்லாம் முடிந்துதான் படுக்கை.

முதல் இரண்டு நாள், "பசிக்கிறதே அங்கம்மா!" என்று புலம்பினார். நான்காம் நாள், நெஞ்சைத் தடவ மறந்துபோனார்.

ஏழாம் நாள் மதியம் சபை கூடியது. வீரகேசரி கண் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"எரிகிறதே! தொண்டையெல்லாம் புளிப்பு! விஷம்தான் மகாராஜா, சந்தேகமே இல்லை!"

ராஜா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதே பானைச் சோற்றைத்தானே ஐயா நானும் சாப்பிட்டேன்? எனக்கு ஒன்றும் செய்யவில்லையே?" அங்கம்மா பக்கம் திரும்பினார். "விஷம் எங்கே இருக்கிறது?"

"பானையில் இல்லை மகாராஜா. அளவுக்கு மேல் எண்ணெயும் நெய்யும் இறங்குகிறது, கச்சை வயிற்றை நெருக்குகிறது, உடனே படுத்தால் உள்ளே போனது மேலே ஏறுகிறது. ராஜா வயிறு, அதிகாரி வயிறு என்று அது பார்ப்பதில்லை."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். ஆனால் வீரகேசரியைப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

"ஒரு உயிரை வாங்கப் பார்த்தாயே! இன்றோடு உன் அதிகாரம் போயிற்று. இனி மடைப்பள்ளியில் அங்கம்மாவுக்கு விறகு பிளந்து போடு." பிறகு குரல் தணிந்தது. "அங்கம்மா, விசாரிக்காமல் உன்னைக் கொல்லச் சொன்னேன். தப்பு என்னுடையது. என்ன வேண்டுமோ கேள்."

"நான் இலையை எடுத்தால் நீங்கள் எழுந்துவிட வேண்டும் மகாராஜா. அது போதும்."

ராஜாவுக்கு முகம் சுருங்கியது. பாதி நாட்டைக் கேட்டிருந்தால்கூடச் சட்டென்று கொடுத்திருப்பார். வெகுநேரம் யோசித்துத்தான் சரி என்றார்.

மறுநாள் மதியம் அவர் நான்காவது வடைக்குக் கை நீட்டினார். அங்கம்மா குனிந்து இலையை மடித்தாள். பரிமாறுகிறவர்கள் மூச்சு விடவில்லை. ராஜா வடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கச்சையைத் தளர்த்திக்கொண்டு எழுந்து, மதில் பக்கம் நடந்தார்.