விலக்கில் நிற்காத பஸ்

“இன்னைக்கும் நிக்கலைம்மா” என்றார் கோமதிநாயகம்.

அவருக்கு எழுபத்தொரு வயது. அவர் குருவாக ஏற்றிருந்த மடத்து அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

நிற்காதது டவுன் பஸ். அவர் மனைவி சொர்ணத்துக்குச் சர்க்கரை. பாதத்தில் ஆறாத புண். வாராவாரம் வந்து கட்டு மாற்றாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மூன்று வாரமாக இருவரும், தார்ச்சாலையிலிருந்து ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் போய் நின்றார்கள். கிழங்கள் ஏறி முடிக்க நேரமாகும் என்று டிரைவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனார். துணைக்குக் கூப்பிடலாமென்றால், ஊர் இளவட்டமெல்லாம் திருப்பூரிலும் துபாயிலும் இருந்தது.

“டிரைவரைக் கும்பிட்டும் பார்த்துட்டேன். இனி நாங்க ரெண்டு பேரும் இந்த மடத்துலயே கிடந்துக்கிறோம்.”

அம்மா எழுந்து நடந்தார். கோமதிநாயகம் பின்னால் போனார்.

தார்ச்சாலையை ஓர் ஆட்டு மந்தை கடந்துகொண்டிருந்தது. சிமெண்ட் லாரி ஒன்று இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்து நின்றது.

“இதுல எந்த ஆடு ஐயா லாரியைக் கும்பிட்டது?”

கடைசி ஆடு கடக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மடத்துக்குத் திரும்பவில்லை. நேரே ஊருக்குப் போனார்.

அன்று சாயங்காலம் வீடு வீடாக ஏறி இறங்கினார். கண் தெரியாத பாக்கியத்தாயிடம், கையைப் பிடித்துக் கூட்டிப்போவதாகச் சொன்னார். முழங்கால் தாங்காது என்றவர்களுக்கு நாற்காலி போடுவதாகச் சொன்னார்.

மறுநாள் காலை பஸ் வரும்போது, டிரைவருக்குத் தூரத்திலேயே தெரிந்தது. சாலையின் குறுக்கே முப்பத்தேழு பேர். கம்பு ஊன்றியவர்கள் முன்வரிசையில். அவர்களுக்கும் முன்னால் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள்.

பஸ் நின்றது.

யாரும் சத்தம் போடவில்லை. நடுவில் வழி விட்டார்கள். சொர்ணம் ஒவ்வொரு படியாக ஏறினாள். அவள் ஜன்னலோரம் உட்காரும்வரை ஒருவரும் அசையவில்லை. பின்னாலேயே ஏறிய கோமதிநாயகத்துக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். வண்டியில் இவ்வளவு பேருக்கு இடமில்லை, எல்லாரும் எங்கே போகணும் என்று கேட்டார்.

பாக்கியத்தாய் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

“நாங்க எங்கயும் போகலை தம்பி. அவளை ஏத்திவிட வந்தோம். நாளைக்கு யாருன்னு இன்னும் முடிவு பண்ணலை.”