சாப்பிட்டுவிட்டுக் கேட்ட கேள்வி

எஸ்தர் மேடத்தின் அறைக்குள் இசக்கிராஜா கதவைத் தட்டாமலே வந்தான்.

"எல்லா ஊர்லயும் ஊத்திக்கிச்சு மேடம்."

மேடம் பேர் வாங்கியதே ஒரே ஒரு ஆய்வில்தான். கிராமத்து ஆட்கள் வேற்றுத் தெருக்காரர்களையும் நம்புகிறார்கள் என்று, வீடு வீடாகக் கேட்டுச் சொன்ன ஆய்வு. இசக்கியின் முனைவர் பட்டம் மொத்தமும் அதன்மேல்தான் நிற்கிறது. அது நிஜந்தானா பார்த்துவிடுவோம் என்று பல கல்லூரி ஆட்கள் சம்பளமில்லாமல் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு ஊர். அதே கேள்வி. எங்கேயும் 'நம்புகிறோம்' என்று வரவில்லை.

"போன வீட்ல எதுவும் சாப்பிட்டாங்களா?" என்றார் மேடம்.

"கூடாதுன்னு விதி. தண்ணி குடுத்தாக்கூட வேண்டாம்னுதான் சொல்லணும்."

"உங்க தெருவுக்கு ஒருத்தர் வந்து தண்ணி வேண்டாம்னு சொன்னா, நீ என்ன நினைப்பே?"

"நம்மளைக் கேவலமா நினைக்கிறாருன்னுதான். அதை என்கிட்ட வேற கேட்கணுமா?" என்றவன் சட்டென்று நிமிர்ந்தான். "நீங்க சாப்பிட்டீங்களா?"

"எல்லா வீட்லயும்."

"அதான்! அதை எழுதாம விட்டுட்டீங்க. சாப்பிட்டுட்டுக் கேட்கச் சொல்லுவோம் மேடம். பழைய முடிவு வந்துடும். நான் பிழைச்சுடுவேன்."

மேடம் அவன் பையிலிருந்த டிபன் டப்பாவை எடுத்துத் திறந்தார்.

"ஐயோ, ஆறிப்போச்சு மேடம்."

இட்லியை மிச்சம் வைக்காமல் தின்றார். "பொடி பிரமாதம். உங்கம்மாகிட்ட சொல்லு." கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இசக்கி, நான் நல்ல ஆய்வாளர்தானே?"

"என்ன மேடம் இது! உங்களை மாதிரி யாரு இருக்கா?"

"உள்ளே வரும்போது என்ன நினைச்சே?"

அவனுக்குக் குரல் இறங்கிவிட்டது. "என் வாழ்க்கையைக் கெடுத்துட்டீங்கன்னு."

"சாப்பாடு போட்டவங்களும் எனக்கு இப்படித்தான் பதில் சொன்னாங்க. வீடு வீடா."

இசக்கி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அப்ப, தண்ணி வேண்டாம்னவங்ககிட்ட சொன்னதாவது உண்மையா?"

"அது கோபம்."

"சாப்பிட்டாலும் தப்பு, சாப்பிடாட்டியும் தப்பு. பின்ன எப்படித்தான் மேடம் கேட்கிறது?"

மேடம் காலி டப்பாவை மூடி அவனிடம் நீட்டினார்.

"தெரிஞ்சிருந்தா உன்னை இந்தத் தலைப்பை எடுக்க விட்டிருப்பேனா?"