உள்ளே ஒன்று வந்தால் வெளியே ஒன்று

மூங்கில்மேட்டில் நான்கு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு வீடு, ஒரு அடுக்களை, ஒரு மூளை. அந்த மூளை யாருடைய பொறுப்பு என்று அவர்கள் இன்னும் முடிவு பண்ணவில்லை.

மூத்தவர் ஏகாம்பரம். அடுத்து தாண்டவன், அதற்கும் அடுத்து குழந்தைவேலு. மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கிடைக்காமல் இல்லை. வடக்கே எடுப்பதா தெற்கே எடுப்பதா என்று பேசிக்கொண்டே இருந்ததில் தலை நரைத்துவிட்டது. அந்த வீட்டில் நரைக்காத தலை கடைக்குட்டி சபாபதியுடையது மட்டும்தான். அவன் தினமும் கண்ணாடியில் அதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தான்.

பயம் நியாயமானதுதான். அந்த வீட்டில் இட்லியா தோசையா என்று பேசி முடிப்பதற்குள் மாவு பொங்கி வழிந்து வாசல் வரை வந்துவிடும். துவைத்த வேட்டியை எங்கே வைப்பது, பானையை எங்கே கவிழ்ப்பது என்று எதுவும் முடிவாகாததால் எல்லாம் கூடத்தில் மலையாகக் குவிந்து கிடந்தன. ஒருநாள் தாண்டவன் அந்தக் குவியலை இடப்பக்கமாகச் சுற்றிப் போவதா வலப்பக்கமாகப் போவதா என்று நின்றே பட்டினி கிடந்தான்.

இந்த நிலைமையில்தான் தரகர் அப்பாசாமி ஒரு வரன் கொண்டுவந்தார். பெண் பெயர் வேதவல்லி. படத்தைப் பார்த்ததும் சபாபதிக்குப் பிடித்துப்போனது. பெண்ணின் அப்பா கதிரேசன் வரும் வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருகிறார் என்று தரகர் சொன்னதும், சபாபதி கூடத்துக் குவியலைப் பார்த்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன்மாரை இழுத்துக்கொண்டு வைத்தியர் நாகலிங்கத்திடம் ஓடினான்.

வைத்தியர் நான்கு பேருக்கும் நாடி பிடித்துப் பார்த்தார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. விடிஞ்சதுலேருந்து இதுவா அதுவான்னு யோசிச்சே களைச்சுப் போயிருக்கீங்க. எதையும் ஒரு தடவை முடிவு பண்ணுங்க, அப்புறம் அதைப் பத்தி யோசிக்காதீங்க. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இடம், அது அங்கதான் இருக்கணும். புதுசா ஒண்ணு வீட்டுக்குள்ள வந்தா, உள்ள இருக்கிறது ஒண்ணு வெளிய போகணும்."

அன்று சாயங்காலமே வைத்தியம் ஆரம்பமானது. என்ன சமைப்பது என்று ஒரே தடவையாக முடிவு பண்ணி உப்புமா கிண்டினார்கள். அதில் குழந்தைவேலு உப்புப் போட மறந்துவிட்டான். மறுநாள் சபாபதி உப்பு டப்பாவை எடுத்தபோது ஏகாம்பரம் கையைப் பிடித்துக்கொண்டார். முடிவு பண்ணியாகிவிட்டது, இனி யோசிக்கக் கூடாது என்றார். அதிலிருந்து மூன்று வேளையும் உப்பில்லாத உப்புமாதான்.

குடைக்குக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி ஒதுக்கினார்கள். மழை பெய்தால் நால்வரும் குடை இடத்தில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திருப்தியாக நனைந்துகொண்டே கடைக்குப் போனார்கள்.

மூன்றாவது சட்டத்தில்தான் சிக்கல் வந்தது. எதிர்வீட்டுப் பூனை உள்ளே வந்துவிட்டது.

"பூனை சாமானா?" என்றான் தாண்டவன்.

"சாமானோ சாமி சிலையோ, உள்ள வந்துதா இல்லையா?" என்றார் ஏகாம்பரம்.

"வந்துது."

"அப்ப ஒண்ணு வெளிய போகணும்."

ஒரு நாற்காலி தெருவுக்குப் போனது. பூனையும் பின்னாலேயே போய்விட்டது. பூனை போனதற்கு நாற்காலி திரும்பி வரலாமா என்று சபாபதி கேட்டான். வெளியே போனால் உள்ளே வரணும் என்று வைத்தியர் சொல்லவில்லையே என்றார்கள். பூனைக்கு அந்த வீடு பிடித்துப்போய், வருவதும் போவதுமாக இருந்தது. வியாழக்கிழமைக்குள் குவியல், கட்டில், பீரோ, அம்மிக்கல் எல்லாம் தெருவுக்குப் போய், தெரு ஜனங்கள் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. மிச்சம் இருந்தது ஒரு பாயும் உப்புமாச் சட்டியும் ஆணியில் குடையும்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. கதிரேசன், அவர் மனைவி, அவர் தங்கை, தரகர் என்று நான்கு பேர் உள்ளே வந்தார்கள். ஏகாம்பரம் கைகூப்பி வரவேற்றார். பிறகு அண்ணன் தம்பிகள் நான்கு பேரும் வரிசையாக வெளியே போய் மழையில் நின்றார்கள்.

சபாபதி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமனார் முகத்தையே இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. கதிரேசன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ஏன் நனைகிறீர்கள், உள்ளே வாருங்கள் என்றார்.

"நீங்க உள்ள இருக்கிற வரைக்கும் நாங்க வெளியதான் மாமா" என்றான் சபாபதி.

"குடைகூடவா இல்ல?"

"இருக்கு மாமா. அது ஆணியிலதான் இருக்கணும்."

கதிரேசன் மனைவி பக்கம் திரும்பினார். பெரியவர்கள் முன்னால் உட்காராமல் மழையில் நிற்கிற பிள்ளைகளை அவர் பார்த்ததே இல்லையாம். அவர் வீட்டில் மூக்குக் கண்ணாடியைத் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். இங்கே தொப்பலாக நனைந்தாலும் குடை இடம் மாறுவதில்லையாம். அவர் மனைவிக்கு ரத்தக்கொதிப்பு, உப்பு ஆகாது. ஊரில் எந்த வீட்டுப் பலகாரத்தையும் தொட முடியாதவர், சட்டியில் இருந்த உப்புமாவை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தனக்காகவே பண்ணியிருக்கிறார்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கேயே பாக்கு வெற்றிலை மாற்றினார்கள், ஜன்னல் வழியாக.

வைகாசியில் பெண் வீட்டில் கல்யாணம் நடந்தது. மறுநாள் அண்ணன்மார் முன்னால் வந்து உள்ளே நின்றுகொண்டார்கள். எதிர்வீட்டு அம்மாள் வாசலில் ஆரத்தி சுற்ற, சபாபதியும் வேதவல்லியும் வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்தார்கள். சபாபதிக்குக் கால் தரையில் படவில்லை. அத்தனை சந்தோஷம்.

ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்தார். ஒரு ஆள் புதிதாக வந்திருக்கிறது, ஒரு ஆள் போகவேண்டும் என்றார். மூத்தவர் தான்தான் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியும்விட்டார்.

குழந்தைவேலு தடுத்தான். "அது எப்படிண்ணே? புதுக்குடம் வந்தா பழைய குடத்தைத்தானே வெளிய வைப்போம், வெளக்கமாத்தையா வைப்போம்? வந்திருக்கிறது கல்யாணமான ஆள். போகிறதும் கல்யாணமான ஆளாத்தான் இருக்கணும்."

நம்மில் கல்யாணமானவர் யார் என்று மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சபாபதியைப் பார்த்தார்கள். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்று சபாபதிக்கும் தெரிந்தது. மாலையும் கழுத்துமாக வெளியே போய் நின்றான்.

வேதவல்லி ஜன்னலுக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நீங்க எப்பங்க உள்ள வருவீங்க?"

அவள் அழுவதை சபாபதியால் தாங்க முடியவில்லை. ஜன்னல் கம்பியோடு சேர்த்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டான்.

"அழாதம்மா. ஆடி பொறந்ததும் உங்க அப்பா வந்து உன்னைக் கூட்டிக்கிட்டுப் போவாரு இல்ல? நீ அந்தப் பக்கம் படி இறங்கினதும் நான் இந்தப் பக்கம் உள்ள வந்துடறேன். அப்புறம் ஒரு மாசம் நாம நிம்மதியா குடும்பம் நடத்தலாம்."