முப்பத்தொரு ஃபிலிம் சுருள்

குன்றலூர் மகாராஜா திருமேனிநாதர் நல்லவர்தான். ஆனால் சட்டம் போடுவதில் அப்படி ஒரு ஆசை! தலைநகரில் விமான நிலையம் கட்டியதும் முதல் சட்டம் போட்டார்: "எவர் பெட்டியானாலும் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போயாக வேண்டும். கையால் சோதித்தால் போதும் என்று காவல் மந்திரி சொன்னால் மட்டுமே விலக்கு. நானே கேட்டாலும் விலக்கு கிடையாது!"

அந்தச் சட்டம் இப்போது அரண்மனைப் படக்காரர் சாத்தப்பரின் கழுத்தைப் பிடித்தது.

இளவரசிக்குக் கல்யாணம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பெற்ற தாயான மகாராணியோ கால் எலும்பு முறிந்து, கடல் கடந்த ஊரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவர் பார்க்கவில்லை. படத்தில் பார்த்தால்தான் உண்டு. கலர் ஃபிலிம் கழுவுகிற இடமும் அந்த ஊரில்தான் இருந்தது.

"சாத்தப்பரே, ஒரு படம் கெட்டாலும் மகாராணியிடம் நீரே போய்ச் சொல்லும்" என்றார், அங்கே புறப்பட்டு விமான நிலையத்துக்கு வந்திருந்த மகாராஜா.

"மகாராஜா, எக்ஸ்ரே பட்டால் கழுவாத ஃபிலிம் புகைமூட்டமாகிவிடுமே!"

"சட்டத்தை மீறக்கூடாது. படமும் கெடக்கூடாது. அது உம் சாமர்த்தியம்."

சொல்லிவிட்டு மகாராஜா தம் செருப்பைக் கழற்றித் தட்டில் வைத்து, ஜம்மென்று சோதனையைத் தாண்டிப் போய்விட்டார்.

இயந்திரத்துக்குப் பக்கத்தில் காவல் மந்திரி வீரபாகு மீசையை நீவிக்கொண்டு நின்றார். விமானத்தில் மகாராஜாவுக்குப் பக்கத்து இருக்கை படக்காரனுக்காம், தமக்குப் பின்வரிசையாம்! காலையிலிருந்தே அவருக்குப் பற்றி எரிந்துகொண்டிருந்தது.

"என்ன ஓய் பையிலே?"

"முப்பத்தொரு ஃபிலிம் சுருள், மந்திரியாரே. கையால் சோதித்து அனுப்பினால் புண்ணியமாகப் போகும்."

"முடியாது. இயந்திரத்துக்குள் போடும்."

"அப்படியே கெட்டுவிடும்!"

"கெடட்டுமே. எனக்கென்ன நஷ்டம்?"

சாத்தப்பர் ஒரு பெருமூச்சு விட்டார். பையை இயந்திரத்தின் வாய்வரை கொண்டுபோனார். அங்கே நின்று தலையைச் சொறிந்தார்.

"உத்தரவு. எனக்கு மகாராணியிடம் திட்டு விழும், வாங்கிக்கொள்கிறேன். உங்களை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை."

"என்னை நினைத்தா? ஏன்?"

"மணமேடையில் மகாராஜா தோளோடு தோள் உரசி நின்றீர்களே, ஞாபகம் இருக்கிறதா? மாப்பிள்ளைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பந்தியில், யானை முன்னால்... எத்தனை தடவை ஃபிளாஷ் அடித்தேன்?"

"நாற்பது தடவை!" மந்திரி எண்ணியே வைத்திருந்தார்.

"கூடத்தில் மாட்ட ஒன்று, மாமனார் வீட்டுக்கு ஒன்று என்றெல்லாம் சொன்னீர்களே. சரி, போகட்டும்." சாத்தப்பர் பையைக் கையிலிருந்து நழுவவிட்டார்.

"ஐயோ, நிறுத்தும்!"

மந்திரி பாய்ந்து வந்து பையைப் பிடித்தார். நெற்றியெல்லாம் வியர்வை. ஒவ்வொரு டப்பாவையும் தாமே எடுத்துக் குலுக்கிப் பார்த்தார், காதில் வைத்துக்கூடக் கேட்டார். "கையால் சோதித்தாயிற்று! விலக்கு!" என்று முத்திரை குத்தினார். அதோடு விட்டாரா? வெயில் படக்கூடாதென்று பைக்குக் குடை பிடித்துக்கொண்டு விமானப் படிக்கட்டுவரை வந்தார்!

நான்கு நாளில் ஆல்பம் மகாராணியின் மடிக்கு வந்தது. ஒரு படம்கூடக் கெடவில்லை. மகளின் கழுத்தில் தாலி ஏறும் படத்தைத் தடவித் தடவிப் பார்த்து மகாராணி அழுதார். வீரபாகு மட்டும் மூன்றாவது முறையாக ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நான் எங்கே ஓய்? ஒன்றில்கூட இல்லையே!"

"மந்திரியாரே, ஃபிளாஷ் அடித்தேன் என்றுதானே சொன்னேன்? படம் பிடித்தேன் என்றேனா? தொந்தரவு தாங்காத இடத்தில் நாங்கள் வெறும் ஃபிளாஷ் அடிப்பது வழக்கம். நாற்பது தடவை உங்களுக்கு ஃபிலிமைச் செலவழித்தால் இளவரசிக்கு எங்கே போவேன்?"

மகாராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே ஆல்பத்தைப் புரட்டியவர் சட்டென்று நிறுத்தினார்.

"அது சரி. நானும் நூறு தடவை நின்றேனே, பத்துப் படம்தான் இருக்கிறது?"

சாத்தப்பர் கைகட்டி வாய்பொத்தி நின்றார்.

"தாங்கள் இளவரசியை மறைத்துக்கொண்டு நின்ற தொண்ணூறு தடவை மட்டும்தான் வெறும் ஃபிளாஷ், மகாராஜா!"

கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்த மகாராணி, கட்டுப்போட்ட காலையும் மறந்து சிரித்தார். கையிலிருந்த தங்க வளையலைக் கழற்றிச் சாத்தப்பரிடம் நீட்டினார்.

"இன்னும் பத்து இருக்கிறதே, அதையும் விட்டிருக்கலாம்!"