எலும்பில் ஒட்டிய செம்மண்

புலி அரசாண்ட ஒரு காட்டில், குட்டையின் ஓரத்தில் ஓர் இடம் மட்டும் எப்போதும் காலியாக இருந்தது. ஆழம் குறைந்த இடம். காரி என்ற யானை நீர் குடிக்க வரும்போது அதை விட்டுத் தள்ளித்தான் நிற்பாள். அவள் மகன் தும்பன் நின்று குடித்த இடம் அது.

போன கோடையில் புலி அந்தக் குட்டையைத் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டது. தும்பனும் காட்டின் மற்ற இளசுகளும் புலியின் குகை வாசலில் கூடி, "எங்களுக்கும் தண்ணீர் வேண்டும்" என்று கேட்டன. காவலுக்கு இருந்த செந்நாய்கள் அவற்றைச் சூழ்ந்து ஓட்டிக்கொண்டு போயின.

பிறகு மழை பெய்தது. குட்டை நிறைந்தது. எல்லாரும் குடித்தார்கள். தண்ணீர் கேட்டவர்கள் மட்டும் திரும்பவில்லை.

காரி தினமும் குகை வாசலுக்குப் போனாள்.

"என் மகன் எங்கே?"

"ஆற்றைக் கடந்து போய்விட்டான், அம்மா" என்றது மந்திரி நரி. "அங்கே மூங்கில் செழிப்பாம். வளர்ந்த பிள்ளை, தாயை நினைப்பானா?"

"நினைப்பான்."

திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் நின்று அடித்தொண்டையில் ஒருமுறை அழைப்பாள். காதுகளை விரித்துக் காத்திருப்பாள். அக்கரையில் மூங்கில் உரசும் சத்தம்தான் கேட்கும்.

அவளோடு காட்டெருமை ஒருத்தியும் வருவாள். அவள் கன்றைப் பற்றியும் அதே பதில்தான். "அக்கரையில் நன்றாகத்தான் மேய்ந்துகொண்டிருப்பான், இல்லையா அக்கா?" என்பாள். காரி அவள் முதுகைத் தும்பிக்கையால் தடவிவிட்டு நடப்பாள்.

புலிக்கு எரிச்சல் வந்தது. "அந்த யானையின் நிழல் வாசலில் விழுந்தாலே என் தூக்கம் போய்விடுகிறது. ஏதாவது செய்."

"யானைகளின் வழக்கம் எனக்குத் தெரியும், அரசே" என்றது நரி. "செத்தவரின் எலும்பைத் தும்பிக்கையால் தடவித் தழை போட்டு மூடிவிட்டால் போதும். பிறகு தேட மாட்டார்கள்."

மறுநாள் நரி ஒரு பெரிய கால் எலும்பை இழுத்து வந்து காரியின் முன்னால் போட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"மனதைத் தேற்றிக்கொள், அம்மா. ஆற்றைக் கடக்கும்போதே வெள்ளம் கொண்டுபோயிருக்கிறது. நேற்றுத்தான் கரையில் கிடைத்தது. மூடிவிட்டு நிம்மதியாக இரு."

காரி எலும்பின்மேல் தும்பிக்கையை வைத்தாள். நுனியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தாள்.

"இது யானை எலும்பே இல்லை."

"எலும்பில் என்ன வித்தியாசம்? கடிக்கும்போது எல்லாம் ஒன்றுதானே!" என்று நரி வாய் தவறிச் சொல்லிவிட்டது.

காட்டெருமை முன்னால் வந்து எலும்பை முகர்ந்தாள்.

"அக்கா, இது என் கன்று."

காரி நரியைப் பார்த்தாள். "இவள் கன்று அக்கரையில் மேய்கிறது என்று நேற்றுக்கூடச் சொன்னாயே! வெள்ளத்தில் கிடந்த எலும்பில் இத்தனை செம்மண் எப்படி ஒட்டியது?"

அந்தக் காடு முழுவதும் கரிசல். செந்நாய்களின் வளைக்குப் பின்னால் உள்ள மேட்டில் மட்டும்தான் செம்மண்.

பிள்ளையைத் தொலைத்த எல்லாரும் அந்த மேட்டுக்கு நடந்தார்கள். செந்நாய்கள் உறுமின. வந்த கூட்டத்தைப் பார்த்து விலகின. காட்டெருமை கொம்பால் கிளறினாள். பன்றிகள் மூக்கால் தோண்டின. காரி காலால் மண்ணைத் தள்ளினாள்.

வெளிவந்த ஒவ்வோர் எலும்பையும் காரி தடவிப் பார்த்தாள். இது அவனாக இருக்கக் கூடாதே என்று இருந்தது. இங்கேயாவது அவன் இருந்துவிட வேண்டுமே என்றும் இருந்தது.

தும்பன் குட்டியில் பள்ளத்தில் விழுந்து முன்னங்காலை முறித்துக்கொண்டவன். எலும்பு கூடிய இடத்தில் ஒரு முடிச்சு இருந்தது. கடைசியில் அந்த முடிச்சு அவள் தும்பிக்கை நுனியில் தட்டுப்பட்டது.

அவள் தழை ஒடித்து வந்து அவனை மூடினாள். ஆற்றங்கரைக்கு அன்று போகவில்லை.

மறுநாள் காலையில் அவள் மறுபடியும் குகை வாசலில் நின்றாள். பின்னால் எல்லாரும் நின்றார்கள்.

"அதுதான் கிடைத்துவிட்டானே, இன்னும் என்ன?" என்று நரி உள்ளேயிருந்தே கத்தியது.

"எங்கே என்று கேட்டேன். நீங்கள் சொல்லவில்லை, நாங்களே தேடிக்கொண்டோம். கொன்றது யார்? கொல்லச் சொன்னது யார்? அதை அரசர் வெளியே வந்து சொல்லட்டும்."

புலி வெளியே வரவில்லை. வாசலில் யாரும் கலையவில்லை. தாகம் எடுத்தபோது ஒருவர் மாற்றி ஒருவர் குட்டைக்குப் போய் வந்தார்கள். ஆழம் குறைந்த அந்த இடத்தில் மட்டும் யாரும் கால் வைக்கவில்லை.

நீதி: உண்மையை மறைத்துவிட்டு அடுத்தவர் துக்கத்தை முடித்துவைக்க யாராலும் முடியாது.