வாழைத்தார் மறைத்த பெயர்

எங்க ஊர் பஸ் ஸ்டாப்பில் பெட்டிக்கடை வைத்திருக்கிற பேச்சித்தாய் லேசுப்பட்டவள் இல்லை.

"எங்க கட்சியைத் தாக்குற பேப்பர் போஸ்டர் தொங்குச்சு, கடை இருக்காது!" என்று கிளைச் செயலாளர் ஞானதிரவியம் மிரட்டியிருந்தார்.

மறுநாள் வந்த போஸ்டரில், மேலே இருந்த பெயரை மறைத்து வாழைத்தாரைத் தொங்கவிட்டாள். கீழ்வரி மட்டும் தெரிந்தது: "மகனுக்கு ரகசியக் கல்யாணம்! முதல் மனைவி கண்ணீர்!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் கேட்க, ஞானதிரவியம் சந்தோஷத்தில் துள்ளினார். "எதிர்க்கட்சித் தலைவன் மகன்தானே? தூ, குடும்பமா அது! பேச்சி, இதைக் கழத்துனா உன் கடை இருக்காது!"

"சரி அண்ணாச்சி."

பஸ் வந்தது. பழம் விற்க விற்கப் பெயர் வெளியே வந்தது. ஞானதிரவியத்தின் கட்சித் தலைவர் பெயரேதான்!

"ஏய், கழத்து!"

"கழத்துனா கடை இருக்காதுன்னு ஊரறியச் சொன்னீங்களே அண்ணாச்சி!"

பஸ்ஸே சிரித்தது. மிச்சப் பழமும் அந்தச் சிரிப்பிலேயே விற்றுப்போனது.